சினோபார்ம் ரெண்டு போட்டுக்கொண்டு வந்த தங்கச்சிக்கு

(இது 2022 ஜனவரியில எழுதின கடிதம். இதில சொல்லுற ஊசி விதியள் எல்லாம் அந்த நேரத்தையது, இப்பத்தையது இல்லை.)

தங்கச்சி, உங்கட கேள்வியை முதல்ல நான் சுருக்கி எழுதுறன், இதே நிலைமையில இருக்கிற மற்றவைக்கும் விளங்கட்டும். யாழ்ப்பாணத்தில 2021 செப்டம்பரிலயும் ஒக்டோபரிலயும் சினோபார்ம் எண்ட சீனாக் கோவிட் ஊசி ரெண்டு போட்டனீங்கள். இந்த 2022 ஜனவரி முதல் கிழமை படிக்கவெண்டு ரொறன்ரோ வந்து இறங்கினீங்கள். விமான நிலையத்தில தடுப்பூசி முழுசாப் போட்டவை எண்ட கணக்கில விட்டவை. பிறகு பகுதிநேர வேலை கேட்டுப் போன இடத்தில தடுப்பூசிச் சான்றிதழின்ர கியூஆர் கோட் கேட்டு, ஊர் அட்டையைப் பாத்திட்டு, இது காணாது எண்டு திருப்பி அனுப்பியிருக்கினம். ஓஹிப் எண்டுற ஒன்ராறியோ மாகாணத்தின்ர மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லை. ஸ்காபுறோவில ஒரு பேஸ்மென்டில நாலு பேரா இருக்கிறீங்கள். அதில ஒரு பிள்ளை, இன்னும் ஊசி போட்டால் பிற்காலத்தில பிள்ளை தங்காது எண்டு சொல்லியிருக்கு. பூஸ்டர் போடுறதோ விடுறதோ எண்டு கேக்கிறீங்கள்.

போடுங்கோ. இந்தக் கிழமையே போடுங்கோ. ஓஹிப் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காதேங்கோ, படிக்க வந்தவைக்கு அது வராது. இந்த ஊசிக்கு அது தேவையும் இல்லை, காசும் இல்லை.

விமான நிலையத்தில ஒரு கணக்கு, உள்ளுக்கு வேற கணக்கு எண்டது உங்களைக் குழப்பினதில ஆச்சரியம் இல்லை. நாட்டுக்குள்ள ஆரை விடுறது எண்டது ஒட்டாவாவில இருக்கிற மத்திய அரசின்ர வேலை. உலக சுகாதார நிறுவனத்தின்ர பட்டியலில இருக்கிற சினோபார்ம், சினோவக், கோவாக்சின் மூண்டையும் அவை 2021 நவம்பர் 30இல இருந்து ஏற்கத் தொடங்கினவை. நீங்கள் அதுக்குப் பிறகு வந்தபடியால் பிரச்சினை இல்லாமல் இறங்கினீங்கள். ஆனால் உணவகம், ஜிம், கலியாண மண்டபம் எண்டு உள்ளுக்கு இருக்கிற இடங்களுக்கான விதி மாகாணத்தின்ர கையில. ஒன்ராறியோ எண்ணுறது கனடா சுகாதாரத் திணைக்களம் அனுமதிச்ச ஊசிகளைத்தான். பைசர், மொடேர்னா, அஸ்ட்ராசெனகா, ஜான்சன். சினோபார்ம் போட்டவை அதுக்கு மேல பைசரோ மொடேர்னாவோ ஒண்டு போட்டு, பதினாலு நாள் கழிஞ்சால் முழுசாப் போட்டவை. மூண்டுமே சினோபார்ம் எண்டாலும் ஏற்பினம். உங்களிட்டை ரெண்டுதான் இருக்கு.

அதால நீங்கள் இப்ப போடப்போறது உங்கட உடம்புக்கு மூண்டாவது ஊசி, ஆனால் இஞ்சத்தைக் கணக்கில அது பூஸ்டர் இல்லை. அடிப்படை ஊசியை முடிக்கிற ஊசி. ஒன்ராறியோவில பதினெட்டு வயசுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் 2021 டிசம்பர் 20இல இருந்து பூஸ்டர் குடுக்கினம், கடைசி ஊசிக்கும் அதுக்கும் இடையில 84 நாள் வேணும். இந்த மாதம் போட்டீங்களெண்டால் உங்கட பூஸ்டர் ஏப்ரலில வரும். கிளினிக்கில போய் "பூஸ்டர் போட வந்தனான்" எண்டு சொல்லாதேங்கோ. சினோபார்ம் ரெண்டு இலங்கையில போட்டது, இப்ப மூண்டாவது வேணும் எண்டு சொல்லுங்கோ. இந்த ஒரு சொல்லைப் பிழையாச் சொல்லி, "ரெண்டாவது ஊசி எங்க போட்டனீங்கள், கணினியில ஒண்டுமே காணேல்லையே" எண்டு அலைக்கழிஞ்ச பிள்ளையளை நான் பாத்திருக்கிறன்.

இன்னொரு புத்திமதியும் உங்களுக்குக் கட்டாயம் வரும். "ஊர் அட்டையைக் காட்டாதை, ஒண்டுமே போடேல்லை எண்டு சொல்லிப் புதுசா ரெண்டு பைசர் போடு, லேசா முடியும்" எண்டு. அப்பிடிச் செய்யாதேங்கோ. ஊசி போடுற தாதிக்கு உங்கட கடைசி ஊசி எப்ப, என்ன எண்டு தெரியவேணும். இடைவெளி பாக்கிறது அதை வைச்சுத்தான். உடம்பில நாலு, பேப்பரில ரெண்டு எண்டு ஆகினால், நாளைக்கு வேற நாட்டுக்குப் போகேக்கை அந்தச் சிக்கலை அவிழ்க்க ஒருத்தரும் வரமாட்டினம். ஊரில போட்டது பொய் இல்லையே, ஏன் மறைக்கவேணும்?

சினோபார்மைப் பற்றி ஆரும் இளக்காரமாக் கதைச்சால் மனம் நோகாதேங்கோ. வைரசை வளத்து, அதைச் சாகடிச்சு, உடம்புக்கு அடையாளம் காட்டுற பழைய முறையில செய்தது அது. போலியோவுக்குப் போடுற ஊசியும் அந்த முறைதான். 2021 மே 7இல உலக சுகாதார நிறுவனம் அதைப் பட்டியலில சேத்தது. ஊரில டெல்டா சனத்தைக் கொண்டுபோன நேரம் கையில இருந்தது அதுதான், போட்டது சரி. ஆனால் அதின்ர பலம் மாதம் போகப் போகக் குறையுது. அறுவது வயசுக்கு மேற்பட்டவைக்கு மூண்டாவது ஊசி குடுக்கச் சொல்லி அதே நிறுவனம் போன ஒக்டோபரிலயே சொல்லிப்போட்டுது. இப்ப வந்திருக்கிற ஒமிக்ரோன் ரெண்டு பைசர் போட்டவையையே விடுதில்லை. உங்களை மாதிரி நாலு பேர் ஒரு குசினி, ஒரு குளியலறை, ஒரே காத்து எண்டு இருக்கிற பேஸ்மென்டில ஒராளுக்கு வந்தால் மற்ற மூண்டு பேரும் எங்க ஒதுங்குறது?

இனிப் போற வழி. ரொறன்ரோ நகரசபை நடத்துற தடுப்பூசி மையங்களுக்குப் போங்கோ. மாகாணத்தின்ர இணையப் பதிவு சுகாதார அட்டை நம்பர் கேக்கும், அதில நிண்டு மாரடிக்காமல் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு ஃபோன் அடிச்சுக் கேளுங்கோ. கடவுச்சீட்டு, படிப்பு அனுமதிப் பத்திரம், ஊர் ஊசி அட்டை, இருக்கிற விலாசம், எல்லாத்தையும் கொண்டுபோங்கோ. விசா என்ன மாதிரி எண்டு துருவமாட்டினம். ஊரில போட்ட ரெண்டையும் மாகாணத்தின்ர பதிவில ஏத்தச் சொல்லிக் கேளுங்கோ, அவை கேக்காட்டிலும் நீங்கள் கேளுங்கோ. அட்டையில இங்கிலீசோ பிரெஞ்சோ இல்லாத இடம் இருந்தால் மொழிபெயர்ப்பு வேணும். சுகாதார அட்டை இல்லாதவைக்குக் கோவிட் ஐடி எண்டு ஒரு நம்பர் தருவினம், அதை வைச்சுத்தான் பிறகு கியூஆர் சான்றிதழ் இறக்கலாம். 2022 ஜனவரி 4இல இருந்து கியூஆர் இல்லாத சான்றிதழ் செல்லாது, அதால இந்த நம்பரைத் துலைச்சுப் போடாதேங்கோ. ஃபோனில ஒண்டு, கடதாசியில ஒண்டு வைச்சிருங்கோ. இந்தக் குளிருக்குள்ள வெளியில நிக்க ஃபோன் பற்றரி செத்துப்போகும்.

ஜக்கெற்றுக்கு உள்ளுக்கு அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கோ. மூண்டு கம்பளிச் சட்டையை அங்க நிண்டு கழட்டுறது பெரிய கரைச்சல்.

உங்களுக்கு இருபத்திநாலு வயசு எண்டு எழுதியிருக்கிறீங்கள். பைசர் கேளுங்கோ. பதினெட்டில இருந்து இருபத்திநாலு வரைக்கும் பைசரே நல்லம் எண்டு ஒன்ராறியோ போன செப்டம்பரில சொன்னது. மொடேர்னாவுக்குப் பிறகு இதயத் தசையில அழற்சி வந்த ஆக்களில கூடப்பேர் இளம் பெடியள். அது அருமையா நடக்கிறது, வந்தவையில பெரும்பாலானோர் கெதியாச் சுகமாகினவை, எண்டாலும் தெரிவு இருக்கேக்கை ஏன் விடுவான்? ஆனால் முப்பதுக்கு மேற்பட்டவை மொடேர்னா எண்டு கேட்டவுடன வரிசையை விட்டுத் திரும்பினதை டிசம்பரில கண்ணால கண்டன். எனக்கு அது மனவருத்தம். பூஸ்டருக்கு மொடேர்னா பாதி அளவுதான் போடுறது, நல்ல ஊசி. என்ர மூண்டாவது அதுதான்.

பிள்ளை தங்காது எண்ட கதைக்கு வாறன். இதைச் சிரிச்சுத் தள்ள எனக்கு மனம் இல்லை, ஏனெண்டால் கலியாணம் பேசுற வயசில ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பயம் வேற என்ன இருக்கு? உண்மையா நடக்கிறதைச் சொல்லுறன். மாதச் சுகயீனம் பிந்தினது எண்டு கனபேர் சொன்னவை, அதை ஆராய்ஞ்சும் பாத்திட்டினம். இந்த மாதம் வந்த அமெரிக்க ஆய்வில சராசரியாப் பிந்தினது ஒரு நாளுக்கும் குறைவு, அடுத்த மாதங்களில பழையபடி வந்திடும். கர்ப்பப்பைக்கு அதால ஒண்டும் இல்லை. இஞ்ச வயித்தில பிள்ளையோட இருக்கிறவையை 2021 ஏப்ரலிலயே முன்வரிசையில விட்டு ஊசி போட்டவை, ஏனெண்டால் கோவிட் வந்து ஐசியூவுக்குப் போன கர்ப்பிணிகளை அவை கண்டவை. என்ர தங்கச்சியின்ர மகள் அஞ்சாம் மாதத்தில போட்டவள். பேரன் இப்ப தவழுறான்.

"இவை சொல்லுறதை மாத்தி மாத்திச் சொல்லுகினம், எப்பிடி நம்புறது" எண்டும் அந்தப் பிள்ளை கேட்டிருக்கு. நியாயமான கேள்வி. 2021 ஏப்ரலில நாப்பது வயசுக்காரருக்கு மருந்துக்கடைகளில அஸ்ட்ராசெனகா எண்டு அறிவிச்சவுடன என்ர அவர் ஓடிப்போய்ப் போட்டவர். மூண்டு கிழமையில, மே 11இல, ஒன்ராறியோ அந்த ஊசியைப் புதுசா ஒருத்தருக்கும் போடுறேல்லை எண்டு நிப்பாட்டிச்சுது. ரத்தம் கட்டுற வருத்தம் அருமையா வருது எண்டு காரணமும் சொன்னவை. இவர் ரெண்டு கிழமை இரவிரவாக் காலைத் தடவிப் பாத்துக்கொண்டு கிடந்தார். பிறகு ரெண்டாவது ஊசிக்குப் பைசர் போடலாம் எண்டு ஜூனில சொல்ல, அதைப் போட்டார். அந்த ரெண்டு கிழமைப் பயத்தை நான் மறக்கேல்லை. ஆனால் எனக்கு நம்பிக்கை வந்ததும் அதாலதான். லட்சத்தில ஒண்டு ரெண்டு பேருக்கு வந்ததைக்கூட எண்ணிப் பாத்து, ஒளிக்காமல் சொல்லி, ஊசியை மாத்தினவை. பிழையை ஒளிக்கிற ஆக்களிட்டை அரைவாசி ஆயுசைக் கழிச்சு வந்தவள் நான், எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

நான் ஸ்காபுறோவில ஒரு முதியோர் இல்லத்தில பதினாலு வருசமா வேலை செய்யிறன். இஞ்ச இதைப் பிஎஸ்டபிள்யூ எண்டு சொல்லுவினம், ஆக்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, சாப்பாடு தீத்துற வேலை. 2020 ஏப்ரலில எங்கட மாடியில ஒவ்வொரு நாளும் ஒரு கட்டில் வெறுமையாகும். அந்த வசந்தத்தில ஒன்ராறியோவில முதல்ல அஞ்சு இல்லங்களுக்கு ஆமியை அனுப்பினவை. எங்களுக்கு ஆமி எண்டால் என்ன எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொலைக்காட்சியில அந்த உடுப்பைக் கண்டவுடன எனக்கு வயித்தைப் பிரட்டிச்சுது. அவை போனது கிழவிகளுக்குத் தண்ணி பருக்க. பிறகு மே கடைசியில அவை எழுதின அறிக்கை வெளிவந்து, உள்ளுக்கு நடந்ததை நாடு முழுக்க வாசிச்சுது. நான் அதை வாசிச்சு முடிக்க ரெண்டு நாள் எடுத்தது.

2020 டிசம்பர் 14. ரொறன்ரோவில முதல் ஊசி போட்ட ஆள் அனிற்றா கிடாங்கன், பிலிப்பைன்சில இருந்து வந்த ஒரு பெண், என்னை மாதிரி முதியோர் இல்லத்தில வேலை செய்யிறவ. அவ சட்டைக் கையை உயத்தினதைப் பாத்துக்கொண்டு எங்கட சாப்பாட்டு அறையில நாங்கள் ஏழெட்டுப் பேர் நிண்டு அழுதனாங்கள். எனக்கு அடுத்த மாதம் கிடைச்சுது. அதுக்குப் பிறகு வந்த அலையில எங்கட இடத்தில செத்தவை, முதல் அலையோட பாக்க, விரல் விட்டு எண்ணுற அளவு. இப்ப அங்க இருக்கிறவைக்கு நாலாவது ஊசி போடத் தொடங்கியிருக்கினம். சிலருக்குப் பிள்ளையளின்ர பேர் மறந்துபோச்சு, ஆனால் ஊசிக்காரர் வந்தால் கையை நீட்டுவினம்.

அதே காலத்தில, ஊசி போட வயசு வரிசை வராத எங்கட பக்கத்து வீட்டு அண்ணைக்குக் கோவிட் வந்தது. பண்டகசாலையில இரவு வேலை, ஐம்பத்தொரு வயசு. 2021 ஏப்ரலில இஞ்சத்தை ஆஸ்பத்திரிகள் நிரம்பி, ஐசியூ ஆக்களைத் தூர ஊர்களுக்கு ஏத்தின நேரம். அவரைக் கிங்ஸ்ரனுக்குக் கொண்டுபோச்சினம், காரில ரெண்டரை மணித்தியாலம். அவரின்ர மனுசி, அந்த அக்கா, அவரைத் திரும்ப உயிரோட காணேல்லை. செத்தவீட்டுக்குப் பத்துப் பேர்தான் விட்டவை. மற்றவை எல்லாம் ஃபோனில பாத்தனாங்கள், தேவாரம் விட்டு விட்டுக் கேட்டது. மே மாதம் எங்கட தபால் குறியீட்டுப் பகுதியில பதினெட்டு வயசுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஊசி திறந்துவிட்டவை. அவருக்கு அது ஒரு மாதம் பிந்திப்போச்சு. உங்களுக்கு அந்த வரிசை இல்லை, தங்கச்சி. ஊசி குளிர்பெட்டியில இருக்கு.

போட்ட பிறகு பதினஞ்சு நிமிசம் அங்கயே இருத்துவினம், எழும்பி ஓடாதேங்கோ. அண்டிரவு கை நோகும், குளிர்க் காய்ச்சல் வரலாம், ஒரு நாள் ரெண்டு நாள். ஊரில பனடோல் எண்டு தேடுறதை இஞ்ச டைலனோல் எண்டு கேளுங்கோ. நெஞ்சு நோ, மூச்சு முட்டு, நெஞ்சு படபடப்பு வந்தால் மட்டும் வீட்டில இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. முதல் நாளே ரசம் வைச்சு எடுத்து வையுங்கோ. அடுத்த நாள் வகுப்பு இணையத்திலதானே, படுத்துக்கொண்டு கேக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. பஸ்சுக்கு இந்தப் பனிக்குள்ள நிக்கவேண்டாம், பத்து மணிக்கு வந்து ஏத்துறன். எல்லாரும் மாஸ்க்கோட, யன்னல் கொஞ்சம் திறந்தபடி. அந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கோ. ஊசி போடாட்டிலும் பரவாயில்லை, சும்மா வந்து தாதியோட கதைச்சுப் பாக்கட்டும். பின் சீற்றில இடம் இருக்கு.