கிளாசிக் ஷெல் முதல் ரெயின்மீட்டர் வரை: டெஸ்க்டாப் அலங்கார மென்பொருள்கள் ஏன் பாதியில் நிற்கின்றன? (கேள்வி பதில்)

பெங்களூர் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மொத்தமாக இங்கே பதில் எழுதுகிறேன். விண்டோஸ் ஷெல் (டெஸ்க்டாப், டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு எல்லாம் சேர்ந்தது) நிரலாக்கம்தான் என் வேலை. அதைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் சொல்வேன், வேறு விஷயங்களுக்கு என்னால் ஒரு வரிக்கு மேல் சொல்ல முடியாது.

மடிவாளாவிலிருந்து: கிளாசிக் ஷெல்லை அவ்வளவு பேர் வைத்திருந்தோம். காசு கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன். ஏன் நிறுத்திவிட்டார்கள்?

பழைய பாணி ஸ்டார்ட் மெனுவைத் திரும்பக் கொண்டுவந்த அந்த இலவச மென்பொருளை எழுதியது ஒரே ஆள், ஐவோ பெல்ட்செவ். 2009-ல் ஆரம்பித்து 2017 டிசம்பரில் நிறுத்தினார். காரணத்தையும் அவரே சொன்னார். அவருக்கு நேரமில்லை, விண்டோஸ் 10-க்கு வருடத்தில் 2 முறை பெரிய அப்டேட் வந்துகொண்டிருந்தது, விண்டோஸ் மென்பொருள் எழுதும் பழைய வின்32 முறையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது.

ஸ்டார்ட் மெனுவை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதற்கு மைக்ரோசாஃப்ட் முறையான வழி எதுவும் வைக்கவில்லை. அதனால் இந்த மாதிரி மென்பொருள், டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டும் எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே நுழைந்து, நீங்கள் பட்டனை அழுத்துவதை இடைமறித்து, தன் மெனுவைக் காட்டுகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓனரிடம் சொல்லாமல் ஆணி அடித்து அலமாரி மாட்டியிருக்கிறீர்கள். ஓனர் சுவரை இடித்துக் கட்டினால் அலமாரியும் விழும், அது அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. அப்புறம் திரும்ப மாட்ட வேண்டியது நீங்கள்தான், அதுவும் வருடத்துக்கு 2 முறை.

காசு வாங்கினால் கொஞ்சம் தாங்கும். ஸ்டார்டாக் நிறுவனம் விண்டோஸின் தோற்றத்தை மாற்றும் விண்டோபிளைண்ட்ஸை 1998-லிருந்து விற்கிறது, ஆணி அடிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. ஆனால் அதே நிறுவனத்தின் டெஸ்க்டாப்எக்ஸ் (டெஸ்க்டாப்பில் விட்ஜெட் வைக்கும் மென்பொருள்) நின்றுபோனது. எந்த மென்பொருளுக்கு ஆள் போடுவது என்பதை அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: ராக்கெட்டாக் விண்டோஸ் 11-ல் மங்கலாகத் தெரிகிறது. புதிய பதிப்பு எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. திரை ஓரத்தில் ஐகான் வரிசை (டாக்) வைக்கும் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 1.3.5, அது 2008-ல் வந்தது. இன்றைய அடர்த்தியான திரைகளை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல, அதனால்தான் மங்கல்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கேளுங்கள். நின்றுபோன மென்பொருளின் பெயரைத் தேடி, "புதிய பதிப்பு" என்று கண்ட இடத்தில் கிடைக்கும் ஃபைலை இறக்காதீர்கள். எழுதினவர் போய்விட்டார் என்றால் அந்தப் பெயரைக் காக்க ஆளில்லை, யார் வேண்டுமானாலும் அதற்குள் எதையும் வைத்துத் தரலாம். எஸ்.பி. ரோடு கடை ஒன்றில் என் தம்பியின் லேப்டாப்பில் இப்படி ஒரு டாக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததைச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

அல்சூரிலிருந்து: விண்டோஸ் 7 கேட்ஜெட்களை மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே கொன்றது என்கிறேன். சரியா?

பாதி சரி. கேட்ஜெட் என்பது டெஸ்க்டாப்பில் வைக்கும் ஒரு குட்டி வலைப்பக்கம், ஆனால் பிரவுசருக்குள் இருக்கும் கட்டுப்பாடு எதுவும் அதற்குக் கிடையாது, உங்களுக்கு இருக்கும் அனுமதி முழுவதும் அதற்கும் உண்டு. கிரிக்கெட் ஸ்கோர் காட்டும் கேட்ஜெட் உங்கள் ஃபைல்களையும் தொடலாம். 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்டே அதை அணைத்துவிடச் சொன்னது, அந்தக் காரணம் நியாயமானது. ஆனால் அதே சமயம் விண்டோஸ் 8-ன் டைல்கள் வரவிருந்தன, கேட்ஜெட்டைப் பழுதுபார்த்துக் காப்பாற்ற அங்கே யாருக்கும் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கோரமங்களாவிலிருந்து: ஆணி அடிக்காமல், மைக்ரோசாஃப்ட் தந்த முறையான வழியில் மட்டும் எழுதினால் நிலைக்குமா?

கூடுதல் நாள் நிற்கும், அவ்வளவுதான். டாஸ்க்பாரில் சின்னப் பட்டைகள் வைக்க டெஸ்க்பேண்ட் என்று ஆவணத்திலேயே இருந்த வழி ஒன்று உண்டு. 2021-ல் விண்டோஸ் 11 டாஸ்க்பாரைப் புதிதாக எழுதியபோது அதையும் எடுத்துவிட்டார்கள்.

கே.ஆர். புரத்திலிருந்து: ராக்கெட்டாக் புதிய பதிப்பு உண்டா?

ஒயிட்ஃபீல்ட் நண்பருக்குச் சொன்னதேதான். எச்சரிக்கையையும் சேர்த்துப் படியுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: நிறுத்துகிறவர் சோர்ஸ் கோடைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அது கடமை. லட்சக்கணக்கானவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

கொடுத்தால் நல்லது என்பேன். கடமை என்று சொல்ல மாட்டேன். பெல்ட்செவ் கொடுத்தார், அதிலிருந்துதான் ஓப்பன்-ஷெல் வந்தது. டெஸ்க்டாப்பில் கடிகாரம் மாதிரி விட்ஜெட்களை வைக்கும், 2001-ல் தொடங்கிய ரெயின்மீட்டர் இன்றும் உயிரோடு இருப்பதற்கு, கோட் திறந்திருந்ததால் வேறு கைகள் அதை எடுத்துக்கொண்டது பெரிய காரணம். ஆனால் விண்டோஸ் ஷெல்லுக்கே மாற்றாக வந்த லைட்ஸ்டெப்பின் கோடும் திறந்துதான் இருந்தது, எடுத்து நடத்த ஆள் குறைந்ததும் அது ஓய்ந்துவிட்டது.

அவரே மறுபடியும்: பயனர் கொடுத்த உழைப்புக்கு என்ன மதிப்பு? நான் வருடக்கணக்காகத் தீம் செய்தேன்.

நானும் ஒரு சின்ன டாஸ்க்பார் கருவியை எழுதி 6 வருடம் இலவசமாக நடத்தினேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு அப்டேட் வந்து அது உடைந்தது. மண்டபத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், மெயில் பெட்டி முழுக்கத் திட்டு. "இவனை நம்பினது என் தப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வாரமே நிறுத்திவிட்டேன். அதன் கோடில் காசு கொடுத்து வாங்கிய ஒரு லைப்ரரி இருந்தது, அதை வெளியிட எனக்கு உரிமை கிடையாது. பிரித்து எடுத்துத் தர இன்னும் 2 மாதம் உழைக்க வேண்டும். அந்த 2 மாதத்தை யாரும் என்னிடம் கடமை என்று கேட்க முடியாது.

ஜெயநகரிலிருந்து, இடையில்: எலெக்ட்ரானிக் சிட்டி நண்பர் கோடைக் கேட்கவில்லை. தான் செய்த தீம் சாகக்கூடாது என்கிறார்.

இது நான் யோசிக்காத கோணம். அவருடைய கேள்வியை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை, மன்னிக்கவும். பாட்டுக் கேட்கும் மென்பொருளான வினாம்பைப் பாருங்கள். 1999-ல் அதை ஏஓஎல் வாங்கியது, 2013-ல் மூடப்போவதாக அறிவித்தது, 2014-ல் வேறு கைக்குப் போனது. இவ்வளவுக்கும் நடுவில் அதன் ஸ்கின்கள் (தோற்றத்தை மாற்றும் தீம்கள்) சாகவில்லை. பழைய ஸ்கின் ஃபைல் ஒரு சாதாரண ஜிப், உள்ளே படங்கள். யாரும் பிரித்துப் படிக்கலாம். அதனால்தான் இன்று பிரவுசரிலேயே ஓடும் வினாம்ப் நகலான வெப்ஆம்ப்பில் அந்த ஸ்கின்கள் அப்படியே வேலை செய்கின்றன. இதற்கு மறுபக்கம் டெஸ்க்டாப் விட்ஜெட்களை ஓட்டிய கான்ஃபாபுலேட்டர். 2005-ல் யாஹூ வாங்கியது, 2012-ல் மூடியது, அதற்காக மற்றவர்கள் செய்த விட்ஜெட்களும் அதோடு கைவிடப்பட்டன.

அதனால் இப்போது இப்படிச் சொல்கிறேன்: கோடைத் தருவது அவரவர் விருப்பம், ஆனால் மற்றவர்கள் உழைத்துச் செய்த தீம்களின் ஃபைல் அமைப்பை முதல் நாளிலிருந்தே திறந்து வைப்பது கடமைதான். என் கருவியில் நானும் அதைச் செய்திருக்க வேண்டும்.

இந்திராநகரிலிருந்து: லினக்ஸுக்கு வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

லினக்ஸ் டெஸ்க்டாப்பையே கன சதுரமாகக் காட்டும் காம்பிஸைச் சுழற்றி விளையாடியவன் நானும். அது திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-க்கு எழுதியது, அதற்கு மாற்றாக வேலண்ட் வந்ததும் அதற்கு இடமில்லை. 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45-க்காக (க்னோம் ஒரு லினக்ஸ் டெஸ்க்டாப்) எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அங்கேயும் ஓனர் இடித்துக் கட்டுகிறார், ஆனால் எதை இடிக்கிறார் என்பதை முன்கூட்டியே பார்க்கலாம். அது பெரிய வித்தியாசம், ஒப்புக்கொள்கிறேன்.

ஹெப்பாலிலிருந்து: ஆண்ட்ராய்டு லாஞ்சர்களும் இப்படித்தானா?

போன் என் துறை இல்லை. தெரிந்தவரிடம் கேளுங்கள்.

மாரத்தஹள்ளியிலிருந்து: ராக்கெட்டாக் எங்கே இறக்குவது?

மூன்றாவது முறை. இறக்காதீர்கள்.

ராமமூர்த்தி நகரிலிருந்து: ரெயின்மீட்டரில் கிழமையைத் தமிழில் எழுதினேன். கண்ட குறியெல்லாம் வருகிறது.

இதைக் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஸ்கின் ஃபைலை நோட்பேடில் திறந்து, சேவ் ஆஸ் போய், என்கோடிங்கில் யூடிஎஃப்-16 எல்ஈ என்பதைத் தேர்ந்து சேமியுங்கள். யூடிஎஃப்-8 போதாது, பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறது. எழுத்துருவுக்கு நிர்மலா யுஐ போடுங்கள், விண்டோஸ் 8-லிருந்து கூடவே வருகிறது. கிழமையைக் கையால் எழுதவும் வேண்டாம். ஸ்கின் ஃபைலில் நேரத்தைக் கொடுக்கும் பகுதியான மெஷரில் ஃபார்மட்லோக்கேல் என்ற வரியைச் சேர்த்து அதற்கு லோக்கல் என்று கொடுத்து (FormatLocale=Local), விண்டோஸ் ரீஜியன் அமைப்பைத் தமிழுக்கு மாற்றினால் அதுவே எழுதிக்கொள்ளும். அப்படியும் வரவில்லை என்றால் ஃபைலை அனுப்புங்கள், இன்று ராத்திரியே பார்க்கிறேன்.