பிளாக்பஸ்டிங் என்றால் என்ன? பயத்தை வைத்து வீட்டுத் தரகர்கள் எப்படிச் சம்பாதித்தார்கள்?

"உங்கள் தெருவுக்குக் கறுப்பர்கள் குடிவரப் போகிறார்கள்" என்று வெள்ளையர்களை மிரட்டி, அவர்கள் வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதையே கறுப்பினக் குடும்பத்துக்குக் கொள்ளை விலைக்கு விற்பதுதான் பிளாக்பஸ்டிங். 1950, 60களில் சிகாகோ போன்ற அமெரிக்க நகரங்களில் இது பரவலாக நடந்தது.

பயம் தானாக வரவில்லை, வரவழைத்தார்கள். காசு கொடுத்து ஒரு கறுப்பினப் பெண்ணைக் குழந்தை வண்டி தள்ளியபடி தெருவில் நடக்க வைப்பார்கள். பிறகு வீடு வீடாகப் போன்: "இப்போதே விற்றுவிடுங்கள், அப்புறம் இந்த விலையும் கிடைக்காது." நாளைக்குத் தக்காளி விலை விழும் என்று சந்தையில் புரளி கிளப்பி, பதறும் விவசாயியிடம் மலிவாக வாங்கும் தரகரின் வேலைதான் இதுவும்.

வாங்கியவர்கள் ஏன் அவ்வளவு கொடுத்தார்கள்? கறுப்பர் வாழும் பகுதிகளுக்கு அரசு கடன் காப்பீடு, அதாவது கடன் திரும்பாவிட்டால் வங்கியின் இழப்பை ஈடுகட்டும் உறுதி, தர மறுத்ததால் வங்கிக் கடன் கிடைப்பது அரிது. விற்பவரிடமே தவணை கட்ட வேண்டும். கடைசித் தவணை வரை பத்திரம் விற்பவர் பெயரில்தான். ஒரு தவணை தவறினால்கூட வீடும் போகலாம், கட்டிய பணமும் போகலாம். அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு விற்கப்படும். ஈவிரக்கமற்ற கொள்ளை இது. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் பிளாக்பஸ்டிங்கைத் தடை செய்தது.

கறுப்பர்கள் வந்ததால்தான் வீட்டு விலை சரிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள், பதறியவர்கள் ஒரே நேரத்தில் விற்றதால்தான் விலை சரிந்தது.