டூவீலர் கேள்வி – பதில்: கருவேல முள், கொடைக்கானல் இறக்கம், பாலத்தடித் தண்ணீர்

கேள்வி: 100 சிசி வண்டியில் நானும் மனைவியும் கொடைக்கானல் போய்த் திரும்பினோம். பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கியதும் பின் பிரேக்கை மிதித்தால் பெடல் அடிவரை போகிறது, வண்டி நிற்கவில்லை. கருகல் வாடை வேறு. மதுரைக்கு வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்கிறார். யார் சொல்வது சரி?
(திருப்பரங்குன்றம் வாசகர்)

பதில்: இருவர் சொல்வதும் சரி. நீங்கள் மிதித்தது கொதிக்கிற பிரேக்கை. அவர் பார்த்தது ஆறிப்போன பிரேக்கை.

டிரம் பிரேக்கில் ஷூ உள்ளேயிருந்து விரிந்து டிரம்மை உரசும். விடாமல் மிதித்தபடி இறங்கினால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. பெடல் அடிவரை போனது அதனால்தான். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. அந்தக் கருகல் வாடை, லைனிங்கில் இருக்கும் பிசின் வேகும் வாடை. கொடைக்கானலிலிருந்து மலையடிவாரத்துக் காட்ரோடு வரை 50 கி.மீ.க்கு மேல் தொடர் இறக்கம். பின்னால் ஆள், பை எல்லாம் சேர்த்து அவ்வளவு எடையையும் உள்ளங்கை அகல ஷூ இரண்டே பிடித்து நிறுத்த முடியாது. இன்ஜின்தான் பிடிக்க வேண்டும்.

ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். நான்கு கியர் வண்டியில் கொண்டை ஊசி வளைவுக்குச் செகண்ட், நேரான இறக்கத்துக்குத் தேர்டு. இன்ஜின் கொஞ்சம் இரையும், இரையட்டும். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே முன், பின் இரண்டும் சேர்த்து அழுத்தி, வேகம் குறைந்ததும் முழுசாக விட்டுவிடுங்கள். ஷூ ஆற அந்த இடைவெளி வேண்டும். பெடலில் காலைச் சும்மா வைத்திருப்பதும் மிதிப்பதுதான். 2019 ஏப்ரலுக்குப் பின் விற்ற 125 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அவற்றில் காலை வைத்தே இறங்கினால் இரண்டு டிரம்மும் சேர்ந்து வேகும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் கவனிக்க: எஃப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ளது) கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடினால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும்.

மறுபடி வாடை வந்தால் ஓரம் கட்டி 20 நிமிடம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிரம் விரிசல் விடும். ஒருமுறை இப்படி வெந்த ஷூவின் மேற்பரப்பு கண்ணாடி போல மினுங்கும். ஆறிய பிறகும் வழுக்கும். கழற்றி, உப்புத்தாளில் மினுமினுப்புப் போகத் தேய்த்து, டிரம்மைத் துணியால் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். அந்தத் தூசியை வாயால் ஊத வேண்டாம். பிரேக் ஆர்மில் ஓர் அம்புக்குறி இருக்கும். பெடலை முழுசாக மிதிக்கையில் அது பிளேட்டில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ மாற்றும் காலம் வந்துவிட்டது.

இன்னொன்று: மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது; அதை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: வாரத்தில் மூன்று முறை பஞ்சர். ஒரே பின் சக்கரம். ஒட்டுப் போட்டு இரண்டு நாளில் மறுபடி இறங்கிவிடுகிறது. தினமும் கண்மாய்க்கரை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். டியூப் மாற்றியும் பலனில்லை. டயரையும் மாற்ற வேண்டுமா?
(மானாமதுரை வாசகர்)

பதில்: டயரை மாற்றும் முன் டயருக்குள் கையை விடுங்கள். சீமைக்கருவேலம் விறகுக்கும் கரிக்கும் ஆகும், டயருக்கு ஆகாது. அதன் முள் குத்தியதும் வெளிப்பக்கம் ஒடிந்து விழுந்துவிடும். நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் ரப்பருக்குள் நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காற்றடித்து ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது மெல்ல நீண்டு டியூபைக் குத்தும். டியூபைப் புதிதாகப் போட்டாலும் முள் பழையதுதானே.

கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. டியூபை உருவும் முன் வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டதும், டியூபை டயர்மேல் பழையபடி வால்வும் கோடும் சேர வைத்துப் பாருங்கள். ஓட்டைக்கு நேரே டயரில் எந்த இடமோ, அங்கேதான் முள். டியூப் புரண்டிருக்கலாம் என்பதால் வால்விலிருந்து அதே தூரத்தில் மறுபக்கமும் பாருங்கள். அந்த இடத்தில் பஞ்சையோ பழைய பனியன் துணியையோ உள்பக்கமாக ஓட்டினால் நூல் சிக்கும். சிக்கிய இடத்தை விரித்துப் பிடித்தால் கறுப்பு ரப்பரில் பழுப்பாக ஒரு புள்ளி தெரியும். உள்ளிருந்து மெல்லிய கட்டிங் பிளேயரால் இழுங்கள். வராவிட்டால் வெளியிலிருந்து ஊசியால் நெம்பித் தள்ளுங்கள். ஒன்று கிடைத்ததோடு நிறுத்தாமல் முழுச் சுற்றும் துணியை ஓட்டுங்கள்.

ஓட்டை எங்கே, எப்படி என்று பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். டியூபின் வெளி வட்டத்தில் என்றால் முள், ஆணி. உள் வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் ரிம் டேப் கிழிந்து ஸ்போக்ஸ் முனை குத்துகிறது. டேப்பை மாற்றி, நீண்ட முனையை அரம் போட வேண்டும். பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு கிழிசல் என்றால் காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். வால்வு அடியில் கிழிந்தாலும் அதே காற்றுக் குறைவுதான்: டயர் ரிம்மில் நகர்ந்து வால்வைச் சாய்த்து இழுக்கிறது.

ஒட்டுப் போடுகையில் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டியது சித்திரை வெயிலில் தார்ச்சாலைச் சூட்டுக்கு வழுகி வந்துவிடும். இரண்டு நாளில் இறங்குவதற்கு இதுவும் காரணம். டியூபை உள்ளே விடும்போது உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று இருக்கட்டும், மடிந்து போகாது. டயரின் ஓரத்தைக் கடைசியாக வால்வு பக்கம் முடியுங்கள். முடிக்கும் முன் வால்வை உள்ளே ஒருமுறை அமுக்கி விட்டால் டியூப் லிவரில் சிக்காது.

கேள்வி: வெயில் காலத்தில் டேங்க்கை நிரப்பினால் வெடித்துவிடும், பாதிதான் போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
(மேலூர் வாசகி)

பதில்: பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்க 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மதுரை வெயில் 40-ஐத் தாண்டினாலும் அந்தப் பக்கம் போகாது. ஆனால் பெட்ரோல் விரியும். 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு கூடும். ஆகவே கழுத்துவரை நிரப்பாமல் கழுத்தின் கீழ் விளிம்போடு நிறுத்தச் சொல்லுங்கள். பி.எஸ்.6 வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கக் கரி நிரப்பிய டப்பா இருக்கிறது; தளும்பத் தளும்ப நிரப்பினால் பெட்ரோல் அதில் இறங்கி அதைக் கெடுக்கும்.

வெயிலுக்கென்று டயரில் காற்றைக் குறைக்கிற பழக்கமும் வேண்டாம். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நெளியும், அதனாலேயே இன்னும் சூடாகும். காலையில், வண்டி ஓடும் முன், ஸ்டிக்கரில் உள்ள அளவு. இருவர் போவதற்குத் தனி அளவு போட்டிருக்கும். சில 100 சிசி வண்டிகளில் பின் டயருக்கு ஒருவர் என்றால் 28, இருவர் என்றால் 41. இத்தனை வித்தியாசம் என்பது பலருக்குத் தெரியாது.

கேள்வி: ஐப்பசி மழையில் ரயில்வே பாலத்தடியில் தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டது. சீட்டுக்கு ஒரு ஜாண் கீழே வரை தண்ணீர். வெளியே தள்ளி வந்து கிக்கர் அடித்தேன், கிக்கர் கல்லு மாதிரி நிற்கிறது. என்ன செய்வது?
(செல்லூர் வாசகர்)

பதில்: கிக்கர் இறங்கவில்லை என்றதும் நிறுத்தினீர்களே, அதுவே உங்கள் இன்ஜினைக் காப்பாற்றியிருக்கலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் போட்டோ தள்ளியோ ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் கனெக்டிங் ராடு வளையும். சாதாரண பாலிசியில் அந்தச் செலவை மறுப்பது வழக்கம். இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு சேர்த்திருந்தால்தான் கேட்கலாம்.

முதலில் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகப் போயிருக்கிறது, பேப்பர் ஃபில்டர் என்றால் புதிது போட வேண்டும். பிளக்கைக் கழற்றி, நியூட்ரலில் கிக்கரைக் கையாலேயே மெல்ல அமுக்குங்கள். பிளக் துவாரத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். அது நின்ற பிறகு ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலைத் துவாரத்தில் விட்டு இன்னும் பத்துமுறை. கார்புரேட்டர் வண்டி என்றால் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் திறந்து, வெறும் பெட்ரோல் வரும் வரை விடுங்கள்.

பிறகு ஆயில். டிப்ஸ்டிக்கில் பால் விட்ட காபி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள். வடித்து, விலை குறைந்த ஆயிலை ஊற்றி ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு நல்ல ஆயில் ஊற்றுங்கள். சைலன்ஸரில் நின்ற தண்ணீர் வெளியேற முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். சாலையில் இறங்கியதும் முதல் அரை கிலோமீட்டர் பிரேக்கை லேசாக அழுத்தியபடி மெதுவாகப் போங்கள், ஷூ காயும்.

கேள்வி: செயின் தொளதொளவென்று இருந்ததால் நானே இறுக்கினேன். இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் "கடக், கடக்" என்று சத்தம்.
(வாடிப்பட்டி வாசகர்)

பதில்: தொளதொளப்பான இடத்தில் பார்த்து இறுக்கியிருக்கிறீர்கள். தேய்ந்த செயின் எங்கும் ஒரே மாதிரி தேயாது. ஓரிடம் நீண்டிருக்கும், ஓரிடம் இறுகியிருக்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றி நான்கைந்து இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். எங்கே மிக இறுக்கமோ அங்கே 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும், பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளுக்கு இதுதான் அளவு. அப்படி வைத்தால் மற்ற இடத்தில் செயின் கவரில் உரசுகிறதா? செயின் செட் முடிந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றாதீர்கள், பழைய பல்சக்கரம் புதுச் செயினைத் தின்றுவிடும்.

இறுக்கிய செயின் தொளதொளத்ததைவிட மோசம். ஆள் ஏறி ஷாக் இறங்குகையில் செயின் இன்னும் இழுபடும். அந்த இழுப்பைக் கியர்பாக்ஸ் பேரிங் தாங்குகிறது. இரு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்கட்டும். சக்கரம் பின்னால் நகர்ந்திருப்பதால் பிரேக் ராடு நட்டையும் சரிசெய்யுங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். செயின் லாக் போடும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

கேள்வி: காருக்கு வாங்கிய ஆயில் ஒரு லிட்டர் மிச்சம். பைக்கில் ஊற்றலாமா?
(அண்ணாநகர் வாசகர்)

பதில்: ஸ்கூட்டர் அல்லாத வண்டியில் வேண்டாம். பைக்கில் கிளட்ச் பிளேட் அதே ஆயிலில் நனைந்து ஓடுகிறது. கார் ஆயிலில் உரசலைக் குறைக்கச் சேர்க்கும் மருந்துகளால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று (பைக் ஆயிலுக்கான தரக்குறி) போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்ததிலிருந்து என் 2012 மாடல் வண்டி 60-லிருந்து 45-க்கு வந்துவிட்டது. பெட்ரோல்தானே காரணம்?
(விருதுநகர் வாசகர்)

பதில்: கொஞ்சம்தான். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் ஏழு சதவீதம் வரை போகலாம். 60 என்பது 56 ஆகும். மீதி 11 கி.மீ. வேறெங்கோ போகிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள், தாராளமாகச் சுற்றாவிட்டால் பிரேக் பிடிக்கிறது. சோக் முழுசாகத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளின் ரப்பர் எத்தனாலில் ஊறும், விரிசல் விடும். பெட்ரோல் ஹோஸையும் கார்புரேட்டர் அடிப்பாத்திரத்தின் ஓ-ரிங்கையும் எப்படியும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தேனியிலிருந்து வரும்போது உசிலம்பட்டி அருகே கிளட்ச் கேபிள் அறுந்தால், வண்டியை மதுரைக்கு ஓட்டி வர வழி உண்டா?
(நாகமலை புதுக்கோட்டை வாசகர்)

பதில்: உண்டு, பின்னால் ஆள் இல்லாமல். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, வண்டியை ஓட்டமாகத் தள்ளி ஏறி உட்கார்ந்து, வேகம் குறைவதற்குள் ஃபர்ஸ்ட் போடுங்கள். கியர் கூட்ட, ஆக்ஸிலேட்டரை மூடுகிற அதே நொடியில் லீவரை மிதித்தால் விழுந்துவிடும். நிற்கப் போகிறீர்கள் என்றால் வண்டி உருளும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். நியூட்ரல் கிடைக்காவிட்டால் சாவியை அணைத்துவிட்டுப் பிரேக். செக்கானூரணிவரை பரவாயில்லை, காளவாசல் நெரிசலில் தாங்காது. ஊருக்குள் வரும் முன் ஒரு கடையில் மாற்றிவிடுங்கள். கேபிள் திடீரென்று அறுவதில்லை. கைப்பிடியில் லீவருக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொரு இழையாக விடும். ரப்பர் உறையை விலக்கினால் முடிபோலச் சிலிர்த்து நிற்கும். நீண்ட பயணத்துக்கு முன் புதுக் கேபிளைப் பழையதன் கூடவே ஓட்டி, இரு முனையும் மாட்டாமல் டேக் போட்டுக் கட்டிவையுங்கள். வழியில் முனைகளை மாற்றி மாட்டப் பத்து நிமிடம் போதும், டேங்க்கைக் கழற்ற வேண்டியதில்லை.