ஒன்பது வருடம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை, இன்சூரன்ஸ் கூடுமா?

மாரி தொடங்குவதற்கு முன் முற்றத்தில் நிற்கும் வாகனத்தை வெளியில் எடுக்க நினைப்பவர்கள் அதிகம் போலிருக்கிறது. இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. இடையில் பல வருடம் ஓட்டவில்லை, இப்போது காப்புறுதி எடுக்கப் போனால் கைக்கு அடங்குமா?

"ஐயா, நான் கல்லடியில் இருக்கும் ஆசிரியை. 2012 இல் லைசன்ஸ் எடுத்தேன். கணவர் இருந்தவரை அவரே ஓட்டினார். போன வருடம் அவர் தவறிவிட்டார். பிள்ளைகளை ரியூஷனுக்கு ஏற்றி இறக்க இனி நானே ஓட்டலாம் என்று பார்க்கிறேன். ஸ்டியரிங்கைத் தொட்டு ஒன்பது வருடம். 'உங்களுக்கு அனுபவமில்லை, கட்டுப்பணம் இரட்டிப்பாகும்' என்கிறார் ஒரு முகவர். உண்மையா?"

அப்படி இரட்டிப்பாக்க ஒரு காரணமும் இல்லை, தங்கச்சி. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் கதை வேறு. அங்கே ஓட்டுபவரின் வயது, தெரு, ஓட்டிய வரலாறு எல்லாம் பார்த்து விலை போடுவார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் வாகனத்தின் பெறுமதி, அது என்ன வகை, சொந்தப் பாவனையா வாடகையா, எத்தனை வருடம் நட்டஈடு கேட்காமல் இருந்தீர்கள் என்பவற்றை வைத்துத்தான் கட்டுப்பணம் வரும். ஓட்டாமல் இருந்ததற்காக உங்களுக்குக் கை நழுவக்கூடியது நோ கிளெய்ம் போனஸ், அதாவது நட்டஈடு கேட்காத வருடங்களுக்குக் கட்டுப்பணத்தில் தரும் கழிவு, அது ஒன்றுதான். அந்தக் கழிவு இல்லாததால் முதல் வருடத் தொகை பெரிதாகத் தெரியும். வருடா வருடம் அந்தக் கழிவு ஏறிக்கொண்டு வரும்.

கணவரின் பெயரில் இருந்த ஒப்பந்தத்தில் போனஸ் சேர்ந்திருந்தால், அதை உங்கள் பெயருக்குத் தரும்படி அதே நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் கவுண்டரில் இருக்கும் பிள்ளை 'முடியாது' என்று சொல்லிவிடும். கடிதம் கொடுத்தால் மேலிடத்துக்குப் போகும். அதற்கு முன் வாகன உரிமை உங்கள் பெயருக்கு மாற வேண்டும். இறந்தவரின் பெயரிலேயே காப்புறுதியைப் புதுப்பித்துக்கொண்டு ஓடுவது பெரிய ஆபத்து. நட்டஈடு கேட்கும் நாளில் ஒப்பந்தக்காரர் யார் என்ற கேள்வியிலேயே எல்லாம் நின்றுவிடும்.

கட்டுப்பணத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் லைசன்ஸ். அட்டையை எடுத்து, காலாவதித் திகதியைப் பாருங்கள். இலகுரக வாகனத்துக்கு 8 வருடம்தான். 2012 இல் எடுத்து இடையில் புதுப்பிக்காவிட்டால் 2020 இலேயே முடிந்திருக்கும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழோடு புதுப்பித்துவிட்டு, பிறகு ஸ்டியரிங்கில் கை வையுங்கள். காலாவதியான அட்டையோடு விபத்து நடந்தால், ஒழுங்காகக் கட்டிய காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம். ஓட்டப் பழக்கும் இடத்தில் நாலைந்து மணித்தியாலம் திரும்பப் பழகுங்கள். அதற்குப் போகும் காசு, முதல் மாதத்தில் மதிலில் உரசும் ஒரு கதவின் பெயின்ற் காசைவிடக் குறைவு.

"அஸ்ஸலாமு அலைக்கும். காத்தான்குடி. கட்டாரில் 11 வருடம் இருந்துவிட்டு வந்தேன். பழைய வெகன் ஆர் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். விற்பவரின் இன்சூரன்ஸில் இன்னும் 7 மாதம் இருக்கிறது, ஓப்பன் பேப்பரில் (பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட தாள்களோடு) தருகிறேன், அந்த இன்சூரன்ஸையே வைத்து ஓட்டு என்கிறார். காசு மிச்சம்தானே?"

வஅலைக்கும் ஸலாம், தம்பி. அந்த 7 மாதம் உங்களுக்குச் சொந்தமில்லை. காப்புறுதி என்பது வாகனத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் பொருளல்ல. அதன் சொந்தக்காரரோடு நிறுவனம் செய்த ஒப்பந்தம். வாகனம் கைமாறியதும் அவருக்கு அதில் நட்டம் என்று ஒன்று இல்லை. உங்களுக்கோ ஒப்பந்தமே இல்லை. அவருடைய போனசும் அவரோடேயே போய்விடும். ஓப்பன் பேப்பரில் வாங்கி, மாதக்கணக்கில் பெயர் மாற்றாமல் ஓடி, ஏறாவூர்ப் பக்கம் மாட்டில் மோதி, முன்பக்கம் முழுக்க நொறுங்கிய கார் ஒன்றைப் பார்க்கப் போயிருக்கிறேன். ரேடியேட்டர் தண்ணீர் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் விற்றவரின் பெயரில் காப்புறுதிச் சான்றிதழ். எந்த நிறுவனத்திடமும் அந்த மனிதருக்கு ஐந்து சதம் கிடைக்கவில்லை. உரிமை மாற்றத்தை முடித்த அன்றே உங்கள் பெயரில் எடுங்கள்.

கட்டாரில் உங்கள் பெயரில் வாகனம் இருந்திருந்தால், நட்டஈடு கேட்கவில்லை என்று அங்குள்ள நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கலாம். இங்கே அதை ஏற்பதும் விடுவதும் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஆனால் விலை பேசும்போது மேசையில் ஒரு தாள் இருப்பது பேச்சை மாற்றும். வட்டியில்லாத முறைதான் வேண்டுமென்றால் தகாஃபுலும் இருக்கிறது. அதையும் மற்றக் கொட்டேஷன்களோடு சேர்த்து ஒப்பிடுங்கள்.

"திருக்கோவில். பெறுமதியைக் குறைத்துப் போட்டால் கட்டுப்பணம் குறையும் என்கிறார்கள். என் கார் இப்போது 60 இலட்சம் போகும். 30 என்று போடலாமா?"

வேண்டாம், அண்ணன். இந்த ஒன்றைத்தான் ஊர் ஊராகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை எங்கேயோ ஏறிவிட்டது. ஆனால் பலருடைய ஒப்பந்தத்தில் பழைய பெறுமதியே கிடக்கிறது. நீங்கள் தெரிந்தே அதைச் செய்யப் பார்க்கிறீர்கள்.

கணக்கு இதுதான். 60 இலட்சக் காரை 30 க்குக் காப்புறுதி செய்தால், பாதியை நிறுவனம் சுமக்கிறது, மற்றப் பாதியை நீங்களே சுமக்கிறீர்கள். முழுக்க அழிந்தால் மட்டும்தான் இது பொருந்தும் என்று நினைக்காதீர்கள். 4 இலட்சம் சேதம் என்று மதிப்பீட்டாளர் எழுதினாலும் கைக்கு வருவது 2 இலட்சம். அதிலும் உங்கள் பங்காகக் கழிக்கும் எக்ஸஸ் வேறு. 'அவரேஜ்' என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நிபந்தனை இது.

உண்மையாகவே குறைக்க வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. எக்ஸஸைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், கட்டுப்பணம் இறங்கும். மட்டக்களப்பு திருமலை வீதியிலோ கல்முனையிலோ மூன்று கிளைகளில் ஏறி இறங்கி, ஒரே பெறுமதிக்கு, ஒரே எக்ஸஸுக்கு, ஒரே மேலதிகக் காப்புகளுக்கு எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒன்றில் வெள்ளம் சேர்த்து இன்னொன்றில் சேர்க்காமல் இருந்தால், மலிவாய்த் தெரிவது மலிவாகாது. போனஸ் இல்லாதவருக்கும் முன்கூட்டியே கழிவு தரும் அதிகாரம் கிளையில் இருக்கும். கேட்டவருக்குத்தான் கிடைக்கும். பிறகு, பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். அடுத்த வருடப் போனசில் அதைவிடக் கூடுதலாகக் கழிந்துவிடலாம்.

"களுவாஞ்சிகுடி. கார் ஐந்து வருடமாகத் தறப்பாளுக்குள் நிற்கிறது. இனிக் கிழமைக்கு ஒருதரம் சந்தைக்கும் கோயிலுக்கும்தான் எடுப்பேன். தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா?"

சட்டத்துக்குப் போதும். வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்கலாம். புகைச் சோதனை முடித்து, காப்புறுதிச் சான்றிதழோடு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். ஓடாமல் வைத்திருப்பதாக முன்பே அறிவிக்காவிட்டால் விடுபட்ட வருடங்களின் நிலுவையும் தண்டமும் கேட்பார்கள். அந்தக் காசை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

ஆனால் தேர்ட் பார்ட்டி மற்றவருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்குத்தான். உங்கள் காருக்கு ஒன்றும் இல்லை. அதிலும் மற்றவரின் சொத்துக்குக் கொடுப்பதற்கு ஓர் எல்லை இருக்கும். புதிய ஜீப் ஒன்றின் பின்னால் போய் இடித்தால் அந்த எல்லை தாண்டிவிடும். அதைக் கூட்டித் தரும்படி கேட்கலாம், அதற்குப் போவது சின்னத் தொகை. உங்கள் கார் மிகப் பழையது, போனால் தாங்கிக்கொள்வேன் என்றால் தேர்ட் பார்ட்டி எடுப்பதில் பிழையில்லை. தாங்க முடியாதென்றால் முழுக் காப்புறுதி எடுங்கள். வெள்ளத்தைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல ஒப்பந்தங்களில் இயற்கை அனர்த்தம் தானாக வராது, கேட்டுச் சேர்க்க வேண்டும்.

மட்டக்களப்பின் கடலோர எழுவான்கரையில் இருப்பவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் என் சொந்தக் காரின் சீட்டு வரை தண்ணீர். வடிந்த மறுநாள் காலை அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். பிஸ்டன் தண்டு வளைந்துவிட்டது. தண்ணீர் நின்ற வாகனத்தை ஸ்டார்ட் பண்ணியது உங்கள் கவனயீனம் என்று சொல்லி, எஞ்சினுக்கான தொகையை நிறுவனம் மறுத்தது. அதனால் சொல்கிறேன்: தண்ணீர் ஏறிய காரில் சாவி போடாதீர்கள். பற்றரிக் கம்பியைக் கழற்றிவிட்டு ஹொட்லைனுக்கு எடுங்கள்.

தறப்பாளைக் கழற்றியதும் எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எலிக் கூடு இருக்கும். வயர்களையும் பாருங்கள். காப்புறுதிக்காக நிறுவனத்தார் காரைப் படம் பிடிக்க வருவதற்கு முன் இதையெல்லாம் திருத்திவிட வேண்டும்.

"அக்கரைப்பற்று. மகனுக்கு 20 வயது. அவனும் ஓட்டுவான் என்று சொல்ல வேண்டுமா?"

சொல்ல வேண்டும். வயது குறைந்தவர், லைசன்ஸ் புதிதாக எடுத்தவர் ஓட்டும்போது பல ஒப்பந்தங்களில் எக்ஸஸ் கூடும். அவ்வளவுதான். மறைத்து வைத்தால் முழுத் தொகைக்கும் வில்லங்கம்.

"சம்மாந்துறை. சொந்தப் பாவனை என்று போட்ட வானில் மாதம் இரண்டு மூன்று தரம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றுகிறேன், டீசல் காசுதான் வாங்குகிறேன். பிரச்சினை வருமா?"

வரும். காசு வாங்கினால் அது வாடகை. விபத்து நடந்த இடத்துக்கு மதிப்பீட்டாளர் வந்ததும் முதலில் வானுக்குள் இருப்பவர்களிடம்தான் கேட்பார்: 'நீங்கள் இவருக்கு என்ன உறவு, எவ்வளவு கொடுத்தீர்கள்?' பெட்டியோடு இருக்கும் பயணி உண்மையைச் சொல்லிவிடுவார். பாவனையை வாடகை என்று மாற்றுங்கள். கட்டுப்பணம் கூடும்தான்.

நட்டஈட்டை மறுத்த கடிதத்தோடு எழுதிய இருவருக்கும்: முதலில் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லாவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடுகளை விசாரிப்பவர்) இருக்கிறார், காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். மறுப்புக் கடிதம், ஒப்பந்தம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அந்த இடத்தில் எடுத்த படங்கள் நான்கையும் இணையுங்கள். மூலப் பிரதிகளை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.