ஏழாவது கிலோமீட்டரில் நிற்பது காலா, மனமா?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் வங்கி வேலை. மாலையில் ரேஸ்கோர்ஸில் ஓடுகிறேன். ஐந்து கிலோமீட்டர் வரை சிரமமே இல்லை. மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் ‘போதும்’ என்று தோன்றி நின்றுவிடுகிறேன். வலி இல்லை, பெரிதாக மூச்சும் வாங்குவதில்லை. நின்ற இரண்டாவது நிமிடமே ‘இன்னும் ஓடியிருக்கலாமே’ என்று இருக்கிறது. 10 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிப்பதும் இப்படித்தான் பாதியில் நிற்கிறது. எனக்கு மனத்திடம் குறைவா?

பதில்: மனத்திடத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் சொல்லுங்கள், உங்கள் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்?

ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வண்டி, தண்ணீர் பாட்டில், வீட்டுக்குப் போகிற வழி எல்லாம் கண்ணில் படும். ‘கிளம்பலாமா?’ என்று அந்தப் பாதை உங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. மூன்றாவது முறை சரி என்றுவிடுகிறீர்கள். இதில் திடக்குறைவு ஒன்றும் இல்லை.

நின்றதும் தெம்பு திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல தடயம். உடலில் சேர்த்து வைத்த மாவுச்சத்து ஏழு கிலோமீட்டரில் தீராது. மாரத்தான் ஓடுகிறவர்களுக்கே அந்தச் சிக்கல் பெரும்பாலும் 30 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். ஆனாலும் எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், ஒரே இடத்தில் கூர்மையான வலி என்றால் அது மனத்தடை அல்ல. அங்கேயே நின்று மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். சாமுவேலே மார்கோரா என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2009-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 16 பேரை ஒரு நாள் 90 நிமிடம் கணினியில் கவனத்தைப் பிழிகிற வேலை செய்யவைத்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் ஆவணப்படம் பார்க்கவைத்தார்கள். இரண்டு நாளும் பிறகு முடியாமல் போகும்வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கினார்கள், மூளை களைத்த நாளில் 640. இதயமோ தசையோ கூடுதலாகக் களைத்ததற்கு அடையாளம் இல்லை. ‘கஷ்டமாக இருக்கிறது’ என்கிற உணர்வுதான் சீக்கிரமே ஏறியிருந்தது. நாள் முழுக்கக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு ஓட வருகிற உங்களுக்கு இது அப்படியே பொருந்தும். நீண்ட ஓட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். காலாண்டு முடிவு நாளில் ஓடியதை வைத்து உங்களை எடைபோடவே வேண்டாம்.

அந்த ஞாயிறு ஓட்டத்துக்கு ரேஸ்கோர்ஸும் வேண்டாம். ஒரே திசையில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புகிற பாதையாகப் பாருங்கள். ஐந்தில் திரும்பியபின் வீட்டுக்கு வேறு வழியில்லை! முதல் இரண்டு கிலோமீட்டரை, பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் போங்கள். ஏழில் வருகிற சலிப்புக்குப் பாதிக் காரணம் தொடக்கத்தில் காட்டிய அவசரமாக இருக்கலாம்.

மனத்தடை என்றாலே இங்கிலாந்து ஓட்டக்காரர் ரோஜர் பானிஸ்டர் கதையைச் சொல்வார்கள். 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஓட முடியாது என்ற தடையை அவர் உடைத்ததும் எல்லோருக்கும் மனக்கதவு திறந்துவிட்டதாம். இது கொஞ்சம் மிகையான கதை. 46 நாள் கழித்து ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதைவிட வேகமாக ஓடியது உண்மை. ஆனால் அன்று பின்லாந்தின் துர்க்கு நகரில் கிறிஸ் சாட்டவே அவரைத் துரத்திக்கொண்டு ஓடினார். பானிஸ்டருக்கு ஆக்ஸ்போர்டில் முன்னால் ஓடி வேகம் பிடித்துக்கொடுத்தவர்களில் ஒருவரும் இதே சாட்டவேதான். நம்பிக்கையைவிடப் பக்கத்தில் கேட்கிற காலடிச் சத்தம் அதிகம் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. கடைசி மூன்று கிலோமீட்டருக்கு மட்டும் ஒரு தோழியை வரச்சொல்லுங்கள்.

தேர்வு விஷயம். ஓடுகிறவர்களுக்கு வாழ்க்கையில் எல்லாம் தானாகக் கைகூடும் என்று நான் சொல்லமாட்டேன். மாரத்தான் முடித்துவிட்டு வருமானவரிக் கணக்கைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. ஆனால் இதே கேள்வியைப் புத்தகத்திடமும் கேட்கலாம்: எந்த இடத்தில் மூடுகிறீர்கள்? அத்தியாயம் முடிகிற இடத்தில்தான் என்றால், அதுவும் வண்டி நிற்கிற இடம்தான். அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடுங்கள். மறுநாள் தொடங்க ஒரு நுனி கையில் இருக்கும். இரவில் முடியவில்லை என்றால் காலையில் அரை மணி நேரம் போதும்.

போட்டியன்று ஏழாவது கிலோமீட்டரில் அந்தக் குரல் மறுபடி வரலாம். வந்தால் சண்டை போடாமல், கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நடங்கள், பிறகு ஓடுங்கள். நடப்பதால் யாரும் உங்களைப் போட்டியிலிருந்து நீக்கமாட்டார்கள்.