குக்கர் விசிலும் பொறுக்கவில்லை: ஆட்டிசப் பர்ன்அவுட் குறித்துச் சில கேள்விகள்

கேள்வி: வயது 31, ஆட்டிசம் உண்டு. நான்கு மாதமாக அடுப்பின் முன் நின்று, அடுத்து என்ன செய்வதென்று விழிக்கிறேன். பத்து வருடமாக வைத்த ரசம் மறந்துவிட்டது. குக்கர் விசில் அடித்தால் அழுகை வருகிறது. மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதுதானா?

பதில்: ரசம் மறந்ததைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். தீராத களைப்பு, கைவந்த வேலைகள் நழுவுதல், ஒலியையும் ஒளியையும் தாங்க முடியாமை. இவை பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதையே அமெரிக்க ஆய்வாளர் ரேமேக்கர் குழுவினரின் 2020 ஆய்வு ஆட்டிசப் பர்ன்அவுட் என்றது. மனநலக் கோளாறுகளை அடையாளம் காண மருத்துவர்கள் பார்க்கும் டிஎஸ்எம்-5 நூலில் இந்தப் பெயர் இல்லாததால் பல மருத்துவர்களுக்குச் சட்டென்று தோன்றாது. மனச்சோர்வும் கூடவே இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் “வெளியே போய் நாலு பேரைப் பாருங்கள்” என்ற வழக்கமான யோசனை இங்கே நிலைமையை மோசமாக்கக்கூடும். பிடித்த விஷயத்தில் ஆசையே போய்விட்டதா, ஆசை இருந்தும் தெம்பில்லையா என்று யோசித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை தயிர்சாதம் போதும், குக்கரை வேறு யாராவது வைக்கட்டும். உயிர்மேல் வெறுப்பு எட்டிப்பார்த்தால் காத்திருக்காமல் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸை 14416 எண்ணில் அழையுங்கள்.

கேள்வி: மகனுக்கு 14 வயது. பள்ளியில் “சமர்த்து” என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மேசைக்கடியில் படுத்துவிடுகிறான், பேச்சும் குறைந்துவிட்டது. செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோமா?

பதில்: இல்லை. எட்டு மணி நேரம் மற்றவர்களைப் போல நடித்துவிட்டு வருகிறான். அந்தச் சமர்த்துக்கான விலையை வீட்டில் கட்டுகிறான். மேசைக்கடியிலேயே இருக்கட்டும், ஒரு தலையணை போடுங்கள். “இன்று என்ன நடந்தது?” என்ற விசாரணை வேண்டாம். மாலை டியூஷனை நிறுத்துங்கள். மார்க் குறையும் என்பீர்கள், குறையட்டும். பேச்சு திடீரென்று குறைந்ததற்கு வேறு காரணம் உண்டா என்று மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா என்பதை ஆசிரியரிடம் நீங்களே கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் லீவு போட்டால் தேறிவிடுமா?

பதில்: பெரும்பாலும் தேறாது. லீவு முடிந்து அதே வேலைக்குள் அப்படியே போனால் பழைய கதைதான்.

கேள்வி: ஆட்டிசம் இருப்பதை அலுவலகத்தில் சொல்லலாமா?

பதில்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு. ஆனாலும் மேலாளரின் குணத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேளுங்கள்: ஓர இருக்கை, காதடைப்பான், வேலையை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதித் தருவது. கேட்டதையும் மின்னஞ்சலில் கேளுங்கள்.