நண்பர்களோடு நியூசிலாந்தில் கார்ப் பயணம்: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வாடகைக் கார் எடுத்துப் பத்து நாள் சுற்ற நினைக்கிறோம். மலை, ஏரி, கடல் எல்லாம் பார்க்க வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

பதில்:

வரைபடத்தை விரிப்பதற்கு முன்னால், ஐந்து பேரில் யார் யார் வண்டி ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இந்த மாதிரிப் பயணத்தில் நான்கு பேர் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்து "ஆகா" என்பார்கள். ஓட்டுகிறவர் அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று நாள் இப்படிப் போனால் அவருக்கு எரிச்சல் வரும், அது வண்டி முழுக்கப் பரவும். நானும் நண்பர்களோடு தெற்குத் தீவைத்தான் சுற்றினேன். ஓட்டுகிறவருக்கும் இது விடுமுறை என்ற ஒரே கணக்கில்தான் நாங்கள் திட்டம் போட்டோம். அது நன்றாகவே வேலை செய்தது.

குறைந்தது மூன்று பேராவது ஓட்ட வேண்டும். அவர்கள் பெயர் எல்லாம் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் பத்து நிமிடம் ஓட்டி எங்காவது இடித்தாலும் காப்பீடு கைவிட்டுவிடும். உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும்; இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கையில் வேண்டும். அங்கே வண்டிகள் சாலையின் இடது பக்கம் போகும். அதில் பழகிய கையாக இருந்தால் பாதிக் கவலை விட்டது.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள். ஊருக்கு வெளியே வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 100 கிலோமீட்டர். ஆனால் மலைச் சாலையில் அந்த வேகம் காகிதத்தில்தான். இருபுறமும் ஒவ்வொரு தடம், வளைவுக்கு மேல் வளைவு. பின்னால் நான்கைந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிட வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. ஃபோன் மூன்று மணி நேரம் என்று காட்டினால் நாங்கள் ஐந்து என்று வைத்துக்கொண்டோம். நிற்க முடியாவிட்டால் காரில் போவதில் என்ன இருக்கிறது, பஸ்ஸிலேயே போய்விடலாமே!

பத்து நாளுக்கு நான் சொல்லும் பாதை இது. கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, முதல் நாள் டெகாபோ ஏரி வரை. சுமார் 225 கிலோமீட்டர், விமானக் களைப்போடு போகிறவர்களுக்கு அது போதும். அந்தப் பகுதி 2012-இல் இருண்ட வானக் காப்பகமாக, அதாவது நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிவதற்காக விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இடமாக, அறிவிக்கப்பட்டது. நிலா இல்லாத இரவு வாய்த்தால் அன்று யாரும் சீக்கிரம் தூங்க மாட்டீர்கள். மறுநாள் புகாகி ஏரிக் கரையோடு அயோராக்கி, அதாவது மவுண்ட் குக் அடிவாரம். 3,724 மீட்டர் உயரம், அந்த நாட்டிலேயே உயரமான சிகரம். ஏரித் தண்ணீர் பால் கலந்த நீலமாக இருக்கும். பனியாறு அரைத்த பாறைத் தூள் தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம். இந்தச் சாலை பெரும்பாலும் நேரானது, சற்று நேரத்துக்கு ஒருமுறை ஒதுங்கி நிற்க இடமும் உண்டு. புதிதாக ஓட்டுகிறவரை இங்கே பழக்குங்கள். மவுண்ட் குக் அடிவாரத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு லிண்டிஸ் கணவாய் வழியாகக் குயின்ஸ்டவுன்.

அடுத்தது மில்ஃபோர்ட் சவுண்ட், செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் இடம். பலருடைய திட்டம் ஆட்டம் காண்பது இங்கேதான். வரைபடத்தில் குயின்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர்தான். நடுவில் மலைத்தொடர் நிற்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு போகும் சாலையோ ஏறக்குறைய 290 கிலோமீட்டர். ஒரே நாளில் போய் வந்தால் எட்டு மணி நேரம் வண்டியிலேயே கழியும், அதில் பாதி களைத்துப்போன கையோடு. தே அனாவ் ஊரில் இரண்டு இரவு போடுங்கள். அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பெட்ரோலை தே அனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் ஃபோன் சிக்னல் போய்விடும் என்பதால் வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

ஹோமர் சுரங்கம் இந்தச் சாலையில்தான் வருகிறது. 1935-இல் தோண்டத் தொடங்கி 1954-இல் திறந்தார்கள். நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். உள்ளே ஒடுக்கம், மில்ஃபோர்ட் பக்கம் செங்குத்தான இறக்கம். கோடைக்காலப் பகலில் ஒரு நேரத்தில் ஒரு திசைக்குத்தான் சிக்னல் விடும். அப்படிக் காத்திருக்கும்போது கியா என்ற மலைக்கிளிகள் வரும். பச்சை நிறம், வளைந்த நீள அலகு, யாரைக் கண்டும் பயமில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியின் கூரையில் ஒன்று ஏறி, கதவு ஓர ரப்பரை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது வாடகை வண்டி என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். தயவுசெய்து அவற்றுக்குத் தீனி போடாதீர்கள்.

மில்ஃபோர்டில் மழை என்றால் முகம் சுளிக்க வேண்டாம். ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற இடம். மழை வந்தால்தான் பாறைச் சுவர் முழுக்கத் திடீர் அருவிகள் இறங்கும். குளிர்காலத்தில், அதாவது அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, போனால் கதை வேறு. பனிச்சரிவு அபாயத்தால் சாலையையே மூடிவிடுவார்கள், டயருக்குச் சங்கிலியும் வண்டியில் இருக்க வேண்டும். பனியில் ஓட்டிப் பழக்கம் இல்லாத குழு பிப்ரவரி, மார்ச்சில் போவது நல்லது. இலை நிறம் மாறுவதைப் பார்க்க ஆசை என்றால் ஏப்ரல்.

தே அனாவிலிருந்து வனாகா, ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கரை. மழைக்காடும் கடலும் பனியாறும் அடுத்தடுத்து வரும் பகுதி. பனியாறுகள் நிறையப் பின்வாங்கிவிட்டன, நடந்து போகிறவர்கள் தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். ஹோகிடிகாவில் ஒரு இரவு தங்கி, ஆர்தர்ஸ் கணவாய் வழியாகக் கிறைஸ்ட்சர்ச் திரும்பலாம்.

மேற்குக் கரையில் ஒற்றைத் தடப் பாலங்கள் நிறைய வரும். பாலத்துக்கு முன்னால் பலகையில் இரண்டு அம்புகள் இருக்கும்: ஒன்று பெரியது, ஒன்று சின்னச் சிவப்பு அம்பு. சிவப்பு அம்பு நீங்கள் போகும் திசையைக் காட்டினால் நீங்கள்தான் நின்று எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். உங்களுக்கு முன்னுரிமை இருந்தாலும் எதிர் வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டே ஏறுங்கள். முன் இருக்கையில் இருப்பவருக்கு இதுதான் வேலை: பலகையைப் பார்ப்பது, வழி சொல்வது. அந்த இருக்கையில் தூங்க அனுமதி கிடையாது என்று முதல் நாளே சட்டம் போட்டுவிடுங்கள்.

பணம். இதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள், இல்லையென்றால் நட்பில் கசப்பு வரும். வாடகைக் காப்பீட்டில் 'எக்ஸஸ்' என்று ஒரு தொகை உண்டு. சேதம் ஆனால் அந்த அளவு வரை நம் கையிலிருந்து போகும், சில ஆயிரம் நியூசிலாந்து டாலர் வரைகூட இருக்கும். அந்த நேரத்தில் யார் ஓட்டினார் என்று பார்க்காமல் ஐந்து பேரும் சமமாகப் பகிர்ந்துகொள்வது என்று நாங்கள் முன்பே ஒத்துக்கொண்டோம். இல்லாவிட்டால் ஓட்ட யாரும் முன்வர மாட்டார்கள். தொகையைக் குறைக்கக் கூடுதல் பணம் கட்டலாம்; ஐந்தாகப் பிரித்தால் பெரிதாகத் தெரியாது. குயின்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் கேன்யன் மாதிரி சில சாலைகளில் காப்பீடே செல்லாது, ஒப்பந்தத்தில் அந்தப் பட்டியலைப் படியுங்கள். ஓட்டாதவர்கள் சும்மா இருக்கக் கூடாது; அறை பதிவு, சமையல், கணக்கு எல்லாம் அவர்கள் தலையில்.

வண்டியின் அளவை ஆள் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து பேர் உட்காரும் காரில் ஐந்து பெரிய பெட்டி போகாது. ஒரு அளவு பெரிய வண்டி எடுங்கள், இல்லையென்றால் ஆளுக்கு ஒரு துணிப்பை என்று கட்டுப்பாடு வையுங்கள். மலையேறும் இடங்களில் வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது சாமான் எதுவும் வெளியே தெரியக் கூடாது.

கிளம்பும் முன் நடைக்காலணியை மண் ஒட்டாமல் கழுவிவிடுங்கள். நியூசிலாந்து விமான நிலையத்தில் அதையும் கேட்பார்கள், கொண்டுபோகும் சாப்பாட்டுப் பொருளையும் கேட்பார்கள். பையில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்குக்கூட 400 நியூசிலாந்து டாலர் அபராதம் போடுவார்கள். சந்தேகம் என்றால் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துக் காட்டிவிடுங்கள்.